சிறுவனின் சம்மதம்: காயமுற்ற இளம் வீரன் குறித்த ஓர் அறவியல் நோக்கு

அறவியல் நூல்களிற் பேசப்படும் வினாக்கள் பெரும்பாலும் போர், கொலை, பொய்ச்சாட்சி என்னும் பெரிய உருவங்களிலேயே வருவன. வீட்டுத் திண்ணையிலும் பாடசாலை மைதானத்திலும் எழும் வினாக்களுக்கு அந்நூல்களில் இடம் குறைவு. எனினும், ஒருவரது வாழ்வு குறித்து மற்றொருவர் முடிவு செய்தல் எவ்வளவு தூரம் நியாயமாகும் என்ற பழைய சிக்கலை, காயமுற்ற பிள்ளையொன்று தொடர்ந்து விளையாடலாமா என்ற சிறிய வினா மிகத் தெளிவாக வெளிக்கொணர்கின்றது.

பதினைந்து வயது மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் வலக்கை வேகப்பந்துவீச்சாளன். பாடசாலையின் முதற் பதினொருவருள் இவ்வாண்டுதான் இடம்பெற்றவன். ஐப்பசியில் நாரியின் இடப்பக்கத்தில் நோ தொடங்கியது. எண்ணெய் தடவி, இரண்டு நாள் ஓய்ந்து, மீண்டும் வீசினான். தை மாதத்தில் அவனைப் பார்த்த வைத்தியர், நாரி முள்ளந்தண்டின் ஐந்தாம் என்பில் தகைப்பு முறிவு இருப்பதைக் கண்டு பந்துவீச்சை நிறுத்தினார். ஆறு வாரம் கழிந்தது. நோ போய்விட்டது. பங்குனியில் பெரும் போட்டி வருகின்றது. 'எனக்கு இப்போது நோவில்லை, நான் வீசுவேன்' என்கின்றான் மாணவன். தாய் மறுக்கின்றாள், தகப்பன் தடுமாறுகின்றான், பயிற்றுநர், 'முடிவை அவனிடமே விட்டுவிடுவோம்' என்கின்றார்.

பெரும் போட்டி என்பது இந்நாட்டுப் பாடசாலைகளில் வெறும் ஆட்டமன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடக்கிய துடுப்பாட்டப் போட்டிக்கு, விளையாட்டின் விதிகளை அறியாதவர்களும் குடை பிடித்துக்கொண்டு வருவதுண்டு. கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் அந்நாள்களைக் கணக்கிட்டு ஊர் திரும்புவர். அத்தகைய ஒரு களத்திற் புதுப்பந்தை ஏந்தி ஓடிவருவது ஒரு சிறுவனுக்கு எத்தகைய பேறு என்பதை உணராதவர் இவ்வினாவைத் தீர்க்கத் தகுதியற்றவர். 'விளையாட்டுத்தானே' என்று தொடங்கும் அறிவுரை அக்கணமே அவனது செவியை இழந்துவிடுகின்றது.

இனி, உடலின் இயல்பை நோக்குமிடத்து ஒரு செய்தி முதன்மை பெறுகின்றது. தகைப்பு முறிவு ஒரே அடியால் உண்டாவதன்று. பந்தை விடுவிக்கும் கணத்தில் முதுகு பின்வளைந்து, ஒருபுறம் சாய்ந்து, முறுக்கிக்கொள்ள, அப்பளு ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான தடவை ஏறுவதால் உண்டாகும் நுண்ணிய வெடிப்பாகும். வலக்கை வீச்சாளரிடத்து இது பெரும்பாலும் இடப்பக்கத்தே தோன்றும். வளர்ச்சி முற்றாத என்பு இதற்கு எளிதில் இடங்கொடுக்கும். தொடக்க நிலையில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் இது தென்படாமலும் போகலாம். ஓய்வெடுத்தால் நோ சில வாரங்களில் நீங்கிவிடும். என்பு பொருந்துவதற்கோ பல மாதங்கள் செல்லும். ஆகவே 'நோவில்லை' என்று மாணவன் கூறுவது பொய்யன்று. அவன் தன் உடல் பற்றி உண்மையையே கூறுகின்றான். ஆயினும் அவ்வுண்மை, கேட்கப்பட்ட வினாவுக்குரிய விடையாகாது. பொருந்துமுன் மீண்டும் வீசினால் வெடிப்பு அகலலாம், மறுபுறத்துக்கும் பரவலாம், சிலரிடத்து ஒரு முள்ளென்பு மற்றொன்றின்மேல் முன்னோக்கி வழுகவும் கூடும். பொருந்தாத முறிவுடன் நோவின்றி வாழ்வோரும் பலர் உளர் என்பதையும் மறைத்தலாகாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லப்படும் மிகை, உண்மையை மறைப்பதற்கு ஒப்பானதே.

நோவை உணர்பவன் அவனே. ஆயின் முடிவும் அவனுடையதுதானா? 1859இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலில் மில், தனக்கு மட்டுமே தீங்கு விளைவிக்கக்கூடிய செயலிலிருந்து ஒருவரைப் பிறர் வலிந்து தடுத்தலாகாது என வாதித்தார். ஆனால் அக்கோட்பாடு பராயமடைந்தோருக்கே பொருந்தும் என்று சிறுவரை விலக்கியும் வைத்தார். விலக்குவது எளிது. பதினைந்து வயதினன் பாலனுமல்லன், முதிர்ந்தவனுமல்லன். 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயம் தனது 12ஆம் உறுப்புரையில், பிள்ளையைப் பாதிக்கும் விடயங்களில் அதன் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அளிக்கப்படவேண்டும் எனக் கூறுகின்றது. இலங்கையும் 1991இல் அதனை ஏற்றுக்கொண்டது. மதிப்பளித்தல் வேறு, முடிவை ஒப்படைத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் பயிற்றுநர் சிறுவனை மதிப்பவர்போலத் தோன்றினாலும், உண்மையில் தமது பொறுப்பை அவனது தோளில் இறக்கி வைக்கின்றார்.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் பைன்பேர்க் 1980இல் எழுதிய கட்டுரையொன்றில், பிள்ளைக்குத் 'திறந்த எதிர்காலம்' ஒன்றுக்கான உரிமை உண்டென்றார். நாளை அவன் வளர்ந்து தானே தெரிவுசெய்யவேண்டிய வழிகளை இன்றே அடைத்துவிடும் உரிமை பெற்றோருக்கும் இல்லை, சிறுவனாகிய அவனுக்கும் இல்லை என்பது அதன் சாரம். தாயின் பக்கம் நிற்கும் வாதம் இதுவே. ஆயினும் இதனைத் தடையின்றி நீட்டினால், எந்தப் பிள்ளையும் மாமரத்தில் ஏறமுடியாது, கடலில் நீந்தமுடியாது. மேலும், சிறுபராயம் முதிர்ச்சிக்குச் செல்லும் நடைபாதை மட்டுமன்று. அதற்கெனத் தனி நன்மைகள் உண்டு. அவை பின்னர் ஈடுசெய்யப்படுவனவல்ல. பதினைந்தாம் வயதின் பங்குனி இருபத்தைந்தாம் வயதில் வருவதில்லை. என்பின் சேதம் மட்டுமே மீளாதது, இழந்த போட்டி மீளக்கூடியது என்று கணக்கிடுவோர் இரண்டாவது இழப்பை எண்ணத் தவறுகின்றனர்.

இவ்விடத்து அரிஸ்டோட்டில் நினைவுக்கு வருவது பொருத்தமானது. 'அரசியல்' என்னும் நூலின் இறுதிப் பகுதியில், ஒலிம்பியப் போட்டிகளிற் சிறுவராகவும் பின்னர் ஆடவராகவும் வென்றோர் இருவரோ மூவரோதான் எனச் சுட்டி, இளமையிற் சுமத்தப்பட்ட கடும்பயிற்சி அவர்களது வலிமையை வற்றச் செய்தமையே காரணம் என்றார் அவர். சிறுவனுடைய வெற்றியை விரும்பும் முதியோர் அவ்வெற்றிக்கான விலையைத் தாம் செலுத்துவதில்லை என்பது அன்றே காணப்பட்ட உண்மையாகும். இங்கிலாந்துத் துடுப்பாட்டச் சபை, பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் தொடர்ச்சியாக 5 பந்துப் பரிமாற்றங்களுக்கும் நாளொன்றுக்கு 10 பரிமாற்றங்களுக்கும் மேல் வேகப்பந்து வீசலாகாது என வரையறுத்ததும், அச்சிறுவர்கள் வேண்டாமென்று கூறியதனாலன்று. அவர்களாக வேண்டாமென்று கூறமாட்டார்கள் என்பதனாலேயே.

பயிற்றுநர்கள் டெனிஸ் லில்லியின் வரலாற்றை எடுத்துக்காட்டுவதுண்டு. 1973இல் முதுகென்பு முறிவுற்ற அவுஸ்திரேலிய வீச்சாளராகிய அவர் 1974-75 பருவத்தில் மீண்டுவந்து இங்கிலாந்தை நிலைகுலையச் செய்தார் என்பது உண்மையே. ஆனால் அவர் அப்போது வளர்ந்த மனிதர். தமது உடலைக்கொண்டு தாமே பந்தயம் கட்டியவர். அன்றியும், மீண்டு வருமுன் நீண்ட காலம் ஓய்ந்து, உடலைப் புதிதாகக் கட்டியெழுப்பியவர். அவ்வரலாறு பயிற்றுநருக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றது.

சம்மதம் என்பதன் உள்ளியல்பை இதனினும் கூர்மையாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று கனடாவில் நிகழ்ந்தது. 2013இல் ஒட்டாவா நகரின் பதினேழு வயது மாணவி ஒருத்தி, ஒரே வாரத்திற்குள் தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டபின் றக்பி ஆட்டத்தில் விழுந்து இறந்தாள். தனக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என அவளே ஐயுற்றுத் தொலைபேசியிற் தேடிப் பார்த்திருந்தாள், தோழிக்கு எழுதியுமிருந்தாள். பெரியவர்களிடம் கூறவில்லை. அவள் அணித் தலைவி. அவளது பெயரால் 2018இல் ஒன்ராறியோ மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டம், ஐயத்துக்கிடமான காயமுற்றவரை உடனே களத்திலிருந்து அகற்றவும், வைத்திய அனுமதியின்றி மீண்டும் சேர்க்காதிருக்கவும் பணிக்கின்றது. அவளிடம் குறைந்தது அறிவன்று. அணியைக் கைவிடாமல் அவ்வறிவைச் சொல்லக்கூடிய ஓர் இடமே. இளம் வீரரின் 'ஆம்' என்னும் சொல்லில் விருப்பமும் உண்டு. கூட்டாளிகளின் முகமும், தகப்பனின் பெருமிதமும், பயிற்றுநரின் மௌனமும் அதனுட் கலந்தே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் வலிமை சிறுவனுக்கு இல்லை. பெரியோருக்கே பெரும்பாலும் இல்லை.

தலைக்காயம் உயிரைத் தொடுவது. ஆகவே அங்கு விதி முடிவு செய்கின்றது. நாரி முறிவு அத்தகையதன்று. இங்கு மனிதர் முடிவு செய்ய வேண்டும். அம்முடிவு, போட்டியின் பெறுபேற்றில் நலன் உடையவரிடம் இருத்தலாகாது. பயிற்றுநரும் பழைய மாணவரும் மட்டுமல்ல, மகனின் பெயரைப் பத்திரிகையிற் காண விரும்பும் தகப்பனும் இவ்வகையினரே. முறிவு இன்னும் பொருந்தவில்லை என வைத்தியர் கூறுமிடத்து மாணவன் வீசலாகாது. அதனைப் பெரியவர் ஒருவர் தமது சொல்லாகவே சொல்ல வேண்டும். 'நீ சொன்னபடியே செய்தோம்' என்று பின்னர் அவனிடம் கூறக்கூடிய நிலையை எவரும் தமக்கென ஒதுக்கிக்கொள்ளலாகாது. மாறாக, காயம் இலேசானது, மோசமாயினும் முற்றாக மாறக்கூடியது எனின், அவனது விருப்பமே மேலோங்கவேண்டும். தாயின் அச்சம் அதற்குத் தடையாதல் நியாயமன்று.

தடுத்தபின் எஞ்சும் கடமை சிறிதன்று. 'அடுத்த ஆண்டு இருக்கின்றதுதானே' என்னும் ஆறுதல் பெரும்பாலும் பொய்யாகிவிடும். அடுத்த ஆண்டில் பரீட்சை வரலாம், வேறொருவன் அவ்விடத்தைப் பெற்றிருக்கலாம். அவன் இழந்தது உண்மையான பொருள் என்றும், அதனை அவனிடமிருந்து எடுத்தவர் தாமே என்றும் தகப்பன் அவனிடம் கூறவேண்டும். அவன் சினந்தால் அச்சினத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்பு போட்டி நாளிலே, அவன் வெள்ளை உடையணிந்து அணியினரோடு கூடாரத்தில் அமர்ந்திருக்க விரும்புகின்றானா, வீட்டிலேயே இருந்துவிட விரும்புகின்றானா என்று கேட்கலாம். அதனை அவனே முடிவு செய்யட்டும்.