அரிதாரம் நினைவிருக்கிறது, ஆட்டம் நினைவில்லை

மட்டாஞ்சேரியிலும் பக்கத்து ஃபோர்ட் கொச்சியிலும் மாலையானால் கதகளி உண்டு. ஐந்து மணிக்கு ஒப்பனை, ஆறு மணிக்கு ஆட்டம் என்று வாசலில் பலகை இருக்கும். ஏழரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். டச்சு அரண்மனையில் சுவரோவியம், யூதத் தெருவில் ஏலக்காயும் கிராம்பும், சீன வலைகளுக்கு முன்னால் ஒரு படம், அதன் பிறகு கதகளி. ஊர் பார்க்க வருகிறவர்களின் நாள் இப்படித்தான் நிறைகிறது.

கோவையிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகளையும் ஒரு மாலை அழைத்துப் போனேன். அன்றைக்கு ‘கீசகவதம்’. இருக்கை நுனியில் உட்கார்ந்து, கண்கொட்டாமல் பார்த்தாள். ஊருக்குத் திரும்பிச் சில வாரம் கழித்துப் போனில் பேசும்போது அந்தப் பேச்சு வந்தது.

“கதை என்னன்னு சொல்லு பார்ப்போம்?”

“ஒருத்தர் பெரிய கிரீடம் வெச்சிருந்தார். ஒரு பொம்பளை வேஷம் வந்துச்சு. கடைசியில சண்டை. அதுக்கு மேல ஞாபகம் இல்லை அத்தை. ஆனா, படுக்க வெச்சு முகத்துல மேக்கப் போட்டாங்களே, அது மட்டும் அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது.”

அந்தப் பதிலை நான் நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன ஒப்பனை எனக்கும் அப்படியேதான் நினைவிருக்கிறது. நடிகர் பாயில் மல்லாந்து கிடக்கிறார். தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர், அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தாடையின் விளிம்பில் வரிவரியாக ஏற்றி, அதன்மேல் வெட்டிய வெள்ளைக் காகிதத்தைப் பதிக்கிறார். சுட்டி என்பது அதுதான். பச்சை முகத்தில் சிவப்புக் கத்திபோல் ஒரு வளைவு விழுகிறது, மூக்கு நுனியில் ஒரு வெள்ளை உருண்டை ஏறுகிறது. எழுந்து உட்கார்ந்த நடிகர் சுண்டைப் பூவிலிருந்து எடுத்த சிறு விதையைக் கீழிமைக்குள் வைத்துக் கண்ணை உருட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை விழி சிவந்துவிடுகிறது. வீதியில் டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர் ஒருவர் கீசகனாவதை நாம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறோம்.

அந்த மாலையில் அவசரப்படாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பசை காய எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் வேண்டும். பயணிகளுக்கு ரயில் இருக்கிறது என்று அது சீக்கிரம் காயாது. ஆட்டத்தை மட்டும் வெட்டலாம். இரவெல்லாம் ஆடவேண்டியதில் ஒரு துண்டை எடுத்து, முன்னால் முத்திரைகளுக்கும் ஒன்பது ரசங்களுக்கும் ஒரு விளக்கம் சேர்த்து, ஒன்றரை மணிக்குள் அடக்கலாம். வெட்டாமல் விட்டது மனதில் தங்கியது, வெட்டியது தங்கவில்லை.

ஆடுகிறவர்கள் மேல் இதில் எந்தக் குறையும் இல்லை. 1930-இல் வள்ளத்தோள் நாராயண மேனனும் முகுந்த ராஜாவும் தொடங்கிய கலாமண்டலம் போன்ற இடங்களில், விடியுமுன் எழுந்து கண்ணுக்கும் புருவத்துக்கும் உடம்புக்கும் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் இவர்கள். மாலை ஆட்டம் அவர்கள் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது. அந்த வருமானம் இல்லையென்றால் பலர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். பயிற்சியின் வருடங்களை யாரும் குறைத்துக்கொள்ளவில்லை. பார்க்கிற நாம்தான் நம் நேரத்தைக் குறைத்துக்கொண்டோம்.

அன்று மேடைக்கு வந்த பெண் வேஷம் திரௌபதி. மாலினி என்ற பெயரில் விராடன் அரண்மனையில் வேலைக்காரியாக ஒளிந்திருக்கிறாள். அரசியின் தம்பி கீசகன் அவள்மேல் கண் வைக்கிறான். அவன் வீட்டுக்குப் போய் மது வாங்கி வா என்று அரசியே அவளை அனுப்புகிறாள். மறுக்கவும் முடியாது, நான் யார் என்று சொல்லவும் முடியாது. கணவன் பீமன் அதே அரண்மனையில் சமையல்காரன். இவ்வளவும் தெரிந்தவருக்கு, கையில் பாத்திரத்தோடு அவள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழும். தெரியாதவருக்கு ஒரு பெண் வேஷம் வந்து போகிறது. கதகளி கதை சொல்வதற்காகப் பிறந்த கலை அல்ல. கதை தெரிந்தவர்களோடு சேர்ந்து அதன் உள்ளே இறங்குவதற்காகப் பிறந்தது. உண்ணாயி வாரியரின் நளசரிதத்தை நான்கு நாள் ஆட்டமாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். கலாமண்டலம் கோபியின் நளனைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தவர்கள் கேரளத்தில் ஏராளம். நளன் தமயந்தியைக் காட்டில் விட்டுப் பிரிவான் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் இரவெல்லாம் விழித்திருந்தார்கள்.

கேரளத்தின் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம் இன்னும் பொறுமை கேட்கும். அரங்கில் ஒரே ஒரு பாத்திரம் தன் பழைய கதையை நினைத்துப் பார்ப்பதற்கே நாள்கள் ஆகும். அம்மன்னூர் மாதவ சாக்கியாரின் வாலி, அம்பு பட்டு உயிர் பிரியும் அந்த நெடிய கட்டத்துக்காகவே பேசப்பட்டது. அவர் 2008-இல் மறைந்தார். வாலியின் அந்த மரணத்தை அரங்கில் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள்.

அப்படியானால் நீளமாக ஆடினால் போதுமா? அதுவும் இல்லை. இதே கடற்கரையின் சவிட்டு நாடகத்தைப் பாருங்கள். லத்தீன் கத்தோலிக்கர் பலகை மேடையை அதிர அதிர மிதித்து ஆடும் கூத்து. பாட்டில் பாதி நம் தமிழ். புகழ்பெற்ற காறல்மான் சரிதத்தை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்கிறார்கள். ஐரோப்பியப் பேரரசன் சார்லமேனின் போர்க்கதை கொச்சிப் பக்கத்து மீனவர் வாயில் தமிழில் ஒலித்தது. சபீனா ராஃபி 1964-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதி, மறைய இருந்த கலையை மீண்டும் பேசவைத்தார். அந்தக் கூத்து மனதில் நின்றதற்குக் காரணம், ஆடுகிறவரும் பார்க்கிறவரும் ஒரே ஊர். ஆசான் ஒத்திகை நடத்துகிற மாதங்களில் பாட்டு முற்றத்திலும் படகிலும் ஒலிக்கும். மேடை ஏறும்போது ராஜா வேஷம் கட்டியவர் அடுத்த வீட்டுக்காரர். ஆட்டம் முடிந்த மறுநாளும் அவர் அதே தெருவில் நடப்பார். நாடகம் எப்படி மறக்கும்?

தெரிந்த கதைதான் வேண்டும் என்பதும் இல்லை. 1952-இல் தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’யைக் கே.பி.ஏ.சி. நாடகக் குழு மேடையேற்றியபோது கதை புதிது. ஒரு சாயங்காலத்தில் முடிகிற நாடகம்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் நிலமில்லாதவர்கள் இருந்தார்கள், குத்தகை கட்டி நொந்தவர்கள் இருந்தார்கள். கதை அவர்கள் வீட்டிலேயே பாதி நடந்திருந்தது. மட்டாஞ்சேரிக்கும் அப்படி ஒரு நாடகம் உண்டு. ஒரு காலத்தில் துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுக்க, கூட்டத்தின் நடுவே ‘சாப்பை’ என்ற உலோக வில்லைகளை விட்டெறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. கே.எம். சிதம்பரன் அந்த வாழ்க்கையை ‘துறமுகம்’ என்று நாடகமாக்கினார். அவர் மகன் கோபன் சிதம்பரன் அதைத் திரைக்கதையாக்க, ராஜீவ் ரவி இயக்கிய படம் 2023-இல் திரைக்கு வந்தது. அப்பா மேடையில் வைத்ததை மகன் திரைக்குக் கொண்டுபோகும் அளவுக்கு அது உள்ளே கிடந்திருக்கிறது.

ஆக, நாடகம் மனதில் நிற்பதற்குப் பார்க்கிறவரிடமிருந்து ஏதாவது ஒன்று போயாக வேண்டும். தூக்கம் போகலாம், முன்பே படித்த கதை போகலாம், பட்ட பாடு போகலாம், பக்கத்து வீட்டுக்காரர் மேலுள்ள பாசம் போகலாம். டிக்கெட் காசு மட்டும் போனால் போதாது. சென்னையில் வரிக்கு வரி கைதட்டிச் சிரித்துவிட்டு, வெளியே வந்து காபி குடிப்பதற்குள் மறந்துபோன நாடகங்கள் எனக்கு உண்டு. அவை என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானும் எதையும் கொடுக்கவில்லை.

மறந்தால் என்ன, அந்த நேரம் சந்தோஷமாக இருந்தோமே என்று கேட்கலாம். சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் மாலைகள் சேர்ந்ததுதான் ஆயுள். எதுவும் ஒட்டாத மாலைகளாக அடுக்கிக்கொண்டே போனால், ஐம்பது வயதில் திரும்பிப் பார்க்கும்போது நிறையப் பார்த்த மனிதராக இருப்போம், நெஞ்சில் வைத்திருப்பது கொஞ்சமாக இருக்கும். எனக்கு அந்தப் பயம் உண்டு.

அதனால் கொச்சிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மாலைக் கதகளிக்குப் போங்கள். முந்தின இரவே அந்தக் கதையைப் படித்துவிட்டுப் போங்கள். போனைப் பைக்குள் வையுங்கள். முடிந்து வெளியே வந்ததும், யார் எதற்காக அழுதார், யார் எதற்காகச் சிரித்தார் என்று உடன் வந்தவரோடு பேசிக்கொண்டே நடங்கள். பேசாத நாடகம் தங்காது. கார்த்திகை மாதத்தில் வர முடிந்தால், திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் உற்சவக் கதகளிக்கு ஓர் இரவு முழுக்க உட்காருங்கள். நடுவில் கண் அயர்ந்தாலும் பரவாயில்லை. அந்த இரவில் நீங்கள் கொடுத்த தூக்கத்துக்கு ஈடாக ஒரு முகம் உங்களோடு வீட்டுக்கு வரும், வெகுகாலம் இருக்கும்.