கூட்டத்தை விட்டுத் தனியே



மூன்றாண்டுக்கு ஒரு முறை, பொதுக்காலத்து 23ஆம் ஞாயிறன்று, மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி நம் கோவில்களில் வாசிக்கப்படுகிறது. காது கேளாத, நாத் திக்கிய ஒரு மனிதனை ஊரார் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இந்தப் பகுதியை எத்தனையோ தடவை நான் பிரசங்கித்திருக்கிறேன். 'எப்பத்தா' என்ற சொல்லில் தொடங்கி அந்தச் சொல்லிலேயே முடிப்பேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஆண்டவர் செய்த ஒரு காரியம் என் கண்ணில் படவேயில்லை. அவர் அந்த மனிதனைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக அழைத்துப் போனார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதை எனக்குக் காட்டித் தந்தவர் தீவகத்தின் கரையோரப் பங்கு ஒன்றில், நண்டு வலை போடும் ஒருவரின் மனைவி. பங்கின் பெயரையோ குடும்பத்தின் பெயரையோ எழுதமாட்டேன். எங்கள் தீவுகளில் ஒரு குறிப்புப் போதும், ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

அவருடைய மூத்த மகனுக்கு அப்போது எட்டு வயது. நாலைந்து சொற்களுக்கு மேல் பேசமாட்டான். ஆனால் எந்நேரமும் வாய்க்குள் ஒரு ராகம் ஓடிக்கொண்டிருக்கும். தகப்பனின் வலை மிதப்புகளை முற்றத்தில் ஒரே வரிசையாக அடுக்குவான். அதில் ஒன்றை யாராவது அசைத்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் எவருக்கும் சோறு இறங்காது. கோவிலில் எழுந்தேற்ற மணி அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீரிடுவான். பீடத்து மெழுகுதிரி சரிந்து நின்றால் ஓடிவந்து நிமிர்த்துவான். ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில், அவன் மூன்றாவது முறையாக ஓடிவந்தபோது நான் ஒலிவாங்கியிலேயே சொன்னேன்: "அம்மா, பிள்ளையைக் கொஞ்சம் வெளியில வைச்சிருங்கோ." கோபமாகச் சொல்லவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தத் தாய் வெளியே போனார். அதன்பின் பதினான்கு மாதம் கோவிலுக்குள் வரவில்லை. அதை நான் கவனித்ததே எட்டாம் ஒன்பதாம் மாதத்தில்தான். எழுத வெட்கமாக இருக்கிறது. பூசைக்கு வரும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சின்னப் பங்கு அது. அதற்குள் ஒரு குடும்பம் காணாமற்போனது மேய்ப்பனுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் பின்னேரம் கடற்கரையில் அவரைக் கண்டு கேட்டேன்.

"பிள்ளை, ஏன் இப்ப கோவில் பக்கம் காணேல்லை?"

"வாறனான், சுவாமி. பின்சுவரோட நிண்டு கும்பிட்டிட்டுப் போறனான். உள்ளுக்கு வந்தா உங்களுக்கும் பிரசங்கம் குழம்பும், சனத்துக்கும் பக்தி குழம்பும்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சுவாமி, ஒண்டு கேக்கோணும். அந்தக் காது கேளாதவருக்குச் சொன்ன சொல்லை ஆண்டவர் என்ர பிள்ளைக்கு ஏன் சொல்லேல்லை? நான் என்ன பாவம் செய்தனான்?" என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. "செபிப்பம், பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதில் தெரியாத இடத்தில் குருவானவர்களின் வாயில் வழக்கமாக வருகிற சொல் அது.

அவர் கேட்டதில் இரண்டாவது கேள்விக்காவது அன்றே பதில் சொல்லியிருக்கலாம். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா? இவனுமல்ல, பெற்றோருமல்ல என்பதே ஆண்டவரின் விடை. இரண்டாயிரம் வருடமாக அதை வாசிக்கிறோம். ஆனால் எங்கள் ஊர்களில் இன்றும் கிரகணத்தில் வெளியே போனவள் என்கிறார்கள், கண்ணூறு என்கிறார்கள், செய்வினை என்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்களோ, தாய் பிள்ளையோடு கதைத்திருக்க மாட்டாள், தொலைக்காட்சியைப் போட்டு விட்டிருப்பாள் என்கிறார்கள். எப்படிச் சுற்றினாலும் பழி தாயின் தலையில்தான் வந்து விழுகிறது.

மெத்தப் படித்தவர்களும் இந்தப் பாவத்துக்கு விலக்கல்ல. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஓட்டிசம் என்ற பெயர் இன்றைய பொருளில் பரவியது. 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தப் பெற்றோர்களின் குளிர்ந்த சுபாவம் பற்றியும் அவர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டி போன்ற தாய்மாரே காரணம் என்று ஒரு தலைமுறை முழுவதும் சொல்லி வந்தார்கள். புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் வெளியிட்ட நூல் இதை உலகெங்கும் கொண்டுபோனது. அதற்கு முன்னரே, 1964இல், இப்படியொரு மகனைப் பெற்ற பேர்ணாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், இது வளர்ப்பின் குற்றமல்ல, உடலமைப்பில் மூளை சார்ந்தது என்று நூல் எழுதியிருந்தார். இன்று அதுவே நிலைத்த அறிவு. பிறப்பதற்கு முன்பே தொடங்கும் மூளை வளர்ச்சியின் வேறுபாடு இது. பரம்பரைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. தடுப்பூசியால் வருவதாக 1998இல் 'லான்செட்' என்ற வைத்திய இதழில் வந்த கட்டுரையை அந்த இதழே 2010இல் மீளப் பெற்றுக்கொண்டது. ஆகவே இந்தப் பயத்தால் பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டுவிடாதீர்கள்.

இது எங்கோ வெளிநாட்டுக் காரியமும் அல்ல. எங்கள் நாட்டில் ஒரு அரைநகர்ப் பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு வயதுவரையான குழந்தைகளைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டார்கள். இந்தக் கணக்கை உங்கள் மறைக்கல்வி வகுப்போடு வைத்துப் பாருங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்புவதில்லையா? வேண்டிய பொருளை விரலால் சுட்டுவதில்லையா? கண்டதைத் தாய்க்குக் காட்டி மகிழ்வதில்லையா? வந்த சொற்கள் மறைகின்றனவா? 'தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு இருந்துவிடாமல் கிளினிக் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். நெடுந்தீவுத் தாய்க்கு இது எளிதல்ல என்று அறிவேன். படகில் குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரம், பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ், அரைமணி நேரக் கிளினிக்குக்கு ஒரு முழு நாள். கோண்டாவிலில் சைவப் பெருமக்கள் நடத்தும் சிவபூமிப் பாடசாலை சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை ஏற்றுக்கொள்கிறது. தீவுப் பிள்ளைகள் நாள்தோறும் அங்கே போய்வருவது எப்படி?

இந்தப் பிள்ளைகள் ஏன் வீரிடுகிறார்கள் என்பதை அந்தப் படகே எனக்குச் சொல்லித் தந்தது. சோளகம் வீசும் நாளில் இயந்திரத்தின் இரைச்சல், டீசல் மணம், முழங்காலோடு முழங்கால் முட்டும் நெரிசல், எல்லாம் ஒன்றாய்ச் சேரும்போது அரைமணியில் எமக்குத் தலை சுற்றுகிறது. எவராவது பக்கத்திலிருந்து கதை கேட்டால் எரிந்து விழுகிறோம். எமக்குக் கரை வந்தால் தீர்ந்துபோகும். அந்தப் பிள்ளைக்கோ ஒரு சாதாரண ஞாயிறு பூசையே சோளகத்துப் படகு. ஒலிபெருக்கி, மணி, சாம்பிராணி, சேலைகளின் சரசரப்பு, தலையைத் தடவ வரும் பத்துக் கைகள். அவனுக்கு இறங்கக் கரையில்லை. மிதப்புகளை வரிசையாக அடுக்குவதும், வாய்க்குள் ராகம் இழுப்பதும் அவன் தனக்கென்று தேடிக்கொண்ட கரை. நாங்கள் அதைத்தான் குழப்படி என்று பெயரிட்டு அடித்து நிறுத்தப் பார்க்கிறோம்.

பெரியவர்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் ஒரே வாங்கில் ஒரே மூலையில் இருப்பவர், முகத்தைப் பார்த்துக் கதையாதவர், மனதில் உள்ளதைச் சபையறியாமல் சொல்லிவிடுபவர், செத்தவீட்டிலும் கலியாணவீட்டிலும் எப்படி நடப்பதென்று தெரியாமல் தடுமாறுபவர். 'ஆள் ஒரு மாதிரி' என்று ஊர் ஒரு சொல்லில் முடித்துவிடும். முன்பு இவர்களில் சிலருக்கு வலை பொத்தவும் மணி அடிக்கவும் ஊர் இடம் கொடுத்தது உண்மை. கல்லெறிந்த சிறுவர்களும், விருந்தாளி வந்தால் அறைக்குள் பூட்டிவைத்த வீடுகளும் இருந்தது அதேயளவு உண்மை. பழைய காலத்தை அளவுக்கு மீறிப் புகழ எனக்கு மனமில்லை.

இன்னொன்று. இப்படியான பிள்ளை என்றதும் சிலர், "ஏதாவது விசேட திறமை இருக்கும், கணக்கில புலியாய் வருவான்" என்று தாயைத் தேற்றுகிறார்கள். சிலருக்கு அப்படி இருக்கலாம், பலருக்கு இல்லை. திறமை இருந்தால்தான் இடம் என்றால் அது ஏற்றுக்கொள்ளுதல் அல்ல, வியாபாரம். நெடுந்தீவின் மதில்களைப் பார்த்திருப்பீர்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, வெறும் பவளக் கற்கள். கட்டுகிறவன் கல்லைச் சதுரமாக வெட்டுவதில்லை. கையில் வந்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது இருக்கக்கூடிய இடத்தைத் தேடுகிறான்.

2018 நவம்பர் 28ஆம் நாள் உரோமாபுரியில் பொதுச் சந்திப்பின்போது நடந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். வாய் பேசாத ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மேடைக்கு ஓடிப்போய், காவலரின் கையுறையை இழுத்து, பாப்பரசரின் ஆசனத்தைச் சுற்றி விளையாடினான். தாய் பதறிக்கொண்டு கூட்டிப்போக வந்தார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், விளையாட விடுங்கள் என்றார். இந்தப் பிள்ளையால் பேச முடியாது, ஆனால் இவன் சுதந்திரமாக இருக்கிறான், கடவுள் முன்னிலையில் நான் அப்படி இருக்கிறேனா என்று என்னையே கேட்கிறேன் என்ற கருத்தில் மக்களோடு பேசினார். அந்தச் செய்தியைப் படித்தபோது என் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். அங்கே ஒரு தாய் மேடைக்கு வந்தார், இங்கே ஒரு தாய் பின்சுவருக்குப் போனார்.

பிறகுதான் மாற்குவைத் திறந்து மெதுவாக வாசித்தேன். காது கேளாத மனிதனைச் சுற்றி ஒரு கூட்டம். ஆண்டவர் அவனைக் கூட்டத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவனுக்கு விளங்காத வார்த்தைகளால் உபதேசிக்கவுமில்லை. காதில் விரல், நாவில் தொடுகை, வானத்தை நோக்கிய பார்வை, ஒரு பெருமூச்சு. அவனுக்கு விளங்கக்கூடிய பாஷை அது. தாய் கேட்ட முதலாவது கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு முந்திய காரியங்களைச் செய்ய எங்களுக்கு அற்புத வரம் தேவையில்லை.

அருட்பணிச் சபையில் இதைச் சொன்னேன். எல்லாரும் உருகிவிடவில்லை. "ஒருத்தனுக்காக ஊர் முழுக்க மாறுறதோ, சுவாமி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பெரிதாக எதையும் மாற்றவில்லை. வலப்பக்கக் கதவோரத்து வாங்கை அந்தக் குடும்பத்துக்கு விட்டோம். அதற்கு மேலிருந்த ஒலிபெருக்கியைக் கழற்றினோம். மணி அடிக்கப்போகும்போது பீடச் சிறுவன் ஒருவன் தாயைப் பார்த்துத் தலையசைப்பான், அவர் மகனின் காதைப் பொத்துவார். பூசையின் ஒழுங்கைப் படங்களாக வரைந்து மட்டையில் ஒட்டி மறைக்கல்வி ஆசிரியை கொடுத்தார். அடுத்தது என்னவென்று தெரிந்தபின் அவனுடைய பயம் பாதி குறைந்தது. திருநாள் வெடிக்குத்தான் வாக்குவாதம். இரண்டு கூட்டம் கூடி, வெடியைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதென்றும் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பதென்றும் முடிவானது. அதில் இன்னும் மனக்கசப்பு இருக்கிறது.

முதல்நன்மை பற்றியும் கேள்வி எழுந்தது. செபங்களை மனப்பாடமாய்ச் சொல்லாத பிள்ளைக்குக் கொடுக்கலாமா? பிள்ளைகள் நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறிந்தால் போதும் என்று 10ஆம் பத்திநாதர் 1910இலேயே வழி திறந்துவிட்டார். அறிவாற்றலில் குறையுள்ளவர்களுக்கும் இயன்றவரை நற்கருணை வழங்கப்பட வேண்டும், அவர்கள் தம் குடும்பத்தினதும் உடன்வரும் சமூகத்தினதும் விசுவாசத்தில் அதைப் பெறுகிறார்கள் என்ற கருத்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் 2007இல் எழுதினார். எங்களுக்குச் சிக்கல் வேறிடத்தில் வந்தது. அண்ணத்தில் ஒட்டும் எதையும் அவன் துப்பிவிடுவான். வசீகரிக்காத வெறும் அப்பத்தை வைத்துத் தாய் வீட்டில் ஐந்து வாரம் பழக்கினார். முழு அப்பம் சரிவரவில்லை. நகத்தளவு துண்டும் ஒரு வாய் தண்ணீரும் சரிவந்தது. சிறு துண்டிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார் என்று நாமெல்லாம் சின்ன வயதில் படித்ததுதானே.

ஒரு புதன்கிழமை காலைப் பூசையில், பன்னிரண்டு பேர் முன்னிலையில், முதல்நன்மை கொடுத்தோம். வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டி அவனுக்கு ஆகாது என்பதால் வழக்கமான பருத்தி பெனியனோடு வந்தான். வாங்கினான், விழுங்கினான், தண்ணீர் குடித்தான். திரும்பிப் போகவில்லை. பீடத்தை ஒருமுறை பார்த்தான். இடப்பக்கத்து மெழுகுதிரி சரிந்து நின்றது. ஏறிப்போய் நிமிர்த்திவிட்டு, அதே ராகத்தை இழுத்தபடி தாயிடம் போனான். நான் நன்றிச் செபத்தைத் தொடங்காமல் அவன் போய் இருக்கும்வரை நின்றேன். வெடிக்காக என்னோடு வாக்குவாதப்பட்ட பெரியவர் அன்று அங்கிருந்தார். அடுத்த ஞாயிறு முதல் பூசைக்கு முன் பீடத்து மெழுகுதிரிகள் ஆறையும் நிமிர்த்தி வைக்கிறவர் அவர்தான். ஒன்றை மட்டும் கொஞ்சம் சரித்து விடுகிறார்.