மகமையும் முத்திரையும்

கரிசல் மண்ணையும் வானத்து மழையையும் நம்பிக் கிடக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பிரதேசத்தில், தனியே கடை விரித்துத் தன் சரக்கைத் தானே புகழ்ந்து விற்றுவிடலாம் என்று ஒருவன் எண்ணியிருந்தால், அவன் குரல் அடுத்த கண்மாய்க் கரையைத் தாண்டியிராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர் நாடார் வணிகர்கள், வியாபாரத்தில் சொற்பமான ஒரு பங்கை ‘மகமை’ என்று எடுத்துவைத்து, அப்பொதுப் பணத்தைக் கொண்டு, வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாகத் தங்கும் பேட்டைகளைப் பராமரித்து வந்தார்களே, அது எந்தத் தண்டோராவும் தேடித் தந்திராத விளம்பரம் என்பது என் அபிப்பிராயம்.

நெசவாளிக்கு இத்தகைய துணை பிந்தித்தான் வாய்த்தது. 1935ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம், ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கைத்தறிச் சங்கங்களின் சேலைகளைத் திரட்டி, பட்டாம்பூச்சி முத்திரையின் கீழ் நகரங்களுக்குக் கொண்டு சென்றதனால், பெரிய கடைவீதியைக் கண்ணால் காணாத தறிக்காரனும் அங்கே ஒரு கண்ணாடி அலமாரிக்குப் பங்காளியானான். (பங்காளி என்றால் வரப்புக்கு வழக்காடுபவன் என்றும் நம் பக்கத்தில் அர்த்தம் உண்டு, அது வேறு விஷயம்.) ஆனால் பொது முத்திரை பிரசித்தி அடைய அடைய, நெய்த ஊரின் பெயர் மங்கிவிடுகிறது. சேலை வாங்கும் வாசகர்களே, முத்திரையைப் பார்த்த பிறகு, இது எந்த ஊர்ச் சங்கத்தின் நெசவு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.