இரவல் கால்

ஒரு பொருள் நமக்குப் பொருந்திவிட்டது என்பதற்காக அதை எடுத்துக்கொள்ளும் பாத்தியதை நமக்கு உண்டாகிவிடுமா? இந்தக் கேள்வியைப் படித்தவர்கள் எழுப்பினால் வேறு விதமாக எழுப்புவார்கள். எனக்கு அது ஒரு மோட்டார் காரின் முன்காலிலிருந்து கிளம்பியது. சிரிக்காதீர்கள், பதினான்கு வருஷமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது.

என் தகப்பனார் விட்டுப்போன சொத்துக்களில் நான் விற்காமல் வைத்திருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றுதான். 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் செய்த வண்டி. அதன் குடும்பம் பெரிது. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற பந்தய மிடுக்குள்ள வண்டி அதற்குத் தம்பி. ஆறு சிலிண்டர் வைத்த விட்டெஸும், 1966-இல் வந்த ஜி.டி.6-உம் பலசாலியான பங்காளிகள். நம் ஊரில் 1972-இல் வந்த கெஸல், நான்கு கதவு வைத்த உள்ளூர்ச் சகோதரி. லோட்டஸ் எலான் என்று ஒரு பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. அதைச் செய்தவர்கள்கூட முன்சக்கரத்துக்கு இந்தக் குடும்பத்துக் காலைத்தான் வாங்கி மாட்டினார்கள். ஆபீஸ் குமாஸ்தா போல அடக்கமாக நிற்கும் ஹெரால்டுக்குள் இப்படி ஒரு வம்சப் பெருமை ஒளிந்திருந்தது.

அந்தக் காலைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு செங்குத்தாக நிற்கிறது. அதன் அடிமுனையில் மரை போட்டிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். மெக்கானிக்குகள் அதை ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. ஒரு பக்கத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. அந்தப் பெருமையெல்லாம் கடைசியில் இந்த மரையின் தலையில்தான் விடிகிறது. அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் சரியாகப் போகாது; நாளடைவில் இறுகிவிடும்; தண்ணீர் புகும்; துரு ஏறும். என் தகப்பனார் மாதம் தவறாமல் தம் கையாலேயே கிரீஸ் அடித்தார். அவர் அந்த வண்டிமேல் வைத்திருந்த பாசத்துக்கு அளவே இல்லை. அந்தப் பாசம்தான் அதன் காலை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது.

2011-இல் ஒரு சனிக்கிழமை, மனைவியையும் ஆறு வயசுப் பையனையும் ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினேன். காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வு நிலையத்தில் பையனுக்கு நட்சத்திரம் காட்ட வேண்டும் என்று ஆசை. 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டவர்களில் அங்கே இருந்தவர்களும் உண்டு என்று வழிநெடுக அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டே போனேன். கதை சுவாரஸ்யத்தில் வழியைத் தவறவிட்டேன். ஒரு சிற்றூரில் வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். முன்பக்கம் இடதுபுறமாகச் சரிந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் முழங்கால் மடிந்த மாடு மாதிரி உள்ளே மடங்கிக் கிடந்தது. நடக்கிற வேகத்தில் நடந்ததால் பிழைத்தோம். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே வண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

எதிரே ஒரு ஓட்டு வீடு. வீட்டோரம் புளியமரத்தடியில் ஒரு கெஸல் கார் நின்றது! தெய்வச் செயல் என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த வீட்டு அம்மாளின் கணவர் மலையில் வாத்தியாராக இருந்தவர். ஆசையாக வாங்கிய வண்டி. அவர் போன பிறகு ஓடவில்லை. பெயின்ட் வெளுத்திருந்ததே தவிர, அம்மாள் தினம் துடைத்து வைத்திருந்தாள். எங்களுக்குச் சாமைச் சோறு போட்டாள். பையனுக்குப் பாய் விரித்தாள். அவன் வாசலில் படுத்துக்கொண்டே, டெலஸ்கோப் இல்லாமலே, சென்னையில் ஆயுசுக்கும் பார்க்க முடியாத அத்தனை நட்சத்திரங்களையும் பார்த்துவிட்டான்.

காலையில் வாணியம்பாடியிலிருந்து மெக்கானிக் பாய் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். ஒடிந்த துண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு கெஸலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. கேட்டது நான்தான்.

அம்மாள் கொஞ்ச நேரம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எடுத்துக்கினு போங்க தம்பி. ஓட்டற வரைக்கும் வெச்சுக்கோங்க. ஓட்டறத நிறுத்திட்டீங்கன்னா மட்டும் கொண்ணாந்து குடுத்துடுங்க" என்றாள். பணம் வாங்க மறுத்துவிட்டாள்.

வலதுபக்கத்துத் துண்டு துருவில்லாமல் இருந்ததால் அதையே போடலாமே என்றேன். "அது வலமரை சார், இந்தப் பக்கம் ஏறாது" என்றார் பாய். இடதுபக்கத்தைக் கழற்றினார். மரை ஏறியது. அப்படியும் அவர் மாட்டிவிடவில்லை. "ஏறுதுன்னு போட்டுடக் கூடாது சார்" என்று, அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தடவி வைத்தார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் வெள்ளைமேல் கோடாகக் கசியுமாம். அரைமணி நேரம் காத்திருந்தோம். கோடு விழவில்லை. மத்தியானம் மலையிறங்கினோம். கெஸலின் இடதுபக்கத்துக்குச் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இரண்டு வருஷம் கழித்துப் போனேன். அம்மாள் காலமாகிவிட்டாள். வண்டியைப் பிள்ளைகள் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். பெரியவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "காலு போன வண்டிய வெச்சுக்கினு என்ன சார் பண்றது?"

அந்த வார்த்தை என்னைத் தைத்தது. ஓடாவிட்டாலும் நான் போகும்வரை அது முழு வண்டியாக நின்றது. காலை எடுத்த நாளிலிருந்து அது பழைய இரும்பு. 'உன் வண்டி பிழைத்தது, அது எப்படியும் ஓடப்போவதில்லை' என்று நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். ஓடுவதுதான் வண்டிக்கு மரியாதை என்பது எனக்கும் தெரியும். அந்த நியாயத்தை நான் அன்றைக்கே எனக்குள் சொல்லிக்கொண்டுவிட்டேன். அதனால்தான் கேட்க வாய் வந்தது. ஆனால் யாரிடம் கேட்டேன்? ராத்திரி சோறு போட்டவளிடம், பெண்டாட்டி பிள்ளையோடு நடுவழியில் நின்றுகொண்டு கேட்டேன். அந்த நிலையில் இருப்பவனிடம் எந்தத் தாய் இல்லை என்பாள்? மறுக்க முடியாதவரிடம் கேட்பதற்கும் கேட்காமலே எடுத்துக்கொள்வதற்கும் எவ்வளவு தூரம்? ஜமுனாமரத்தூர் வரை போய் லாரி பிடித்திருக்கலாம். செலவாகும் என்று நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் கேட்டது இரும்பையல்ல, நினைவைத்தான் என்று என் மனைவி சொல்வாள். கதை எழுதுகிறவன் வீட்டில் இருந்து இருந்து அவளுக்கும் இந்த வியாதி வந்துவிட்டது. அம்மாள் இரும்பைத்தான் கேட்டாள் என்று நான் நினைக்கிறேன். அது திரும்பி வந்து தன் இடத்தில் ஏறினால், வாத்தியார் வண்டி மறுபடியும் நாலு காலில் நிற்கும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

போன வருஷம் பையன் வண்டி ஓட்டப் பழகினான். அத்தனை பழைய இரும்பை நம்பி அவனை அனுப்ப மனம் வரவில்லை. இங்கிலாந்தில் இந்த வண்டிகளுக்கு இன்றும் புதுப் பாகங்கள் செய்கிறார்கள். அங்கிருக்கும் நண்பர் ஒருவர், 'ஜி.டி.6-இன் காலையும் ஸ்பிரிங்கையும் போட்டுவிடு, பிரேக் பெரிது, நேராக மாட்டலாம்' என்று எழுதினார். பாயிடம் சொன்னேன். "அந்த ஸ்பிரிங்கு ஆறு சிலிண்டர் கனத்துக்கு வெச்சது சார். நம்ம வண்டிக்குப் போட்டா மூக்கத் தூக்கிக்கும்" என்றார். ஹெரால்டுக்கு உரியதையே வரவழைத்துப் போட்டோம்.

கழற்றியதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஓட்டு வீடு பூட்டியிருந்தது. பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். புளியமரத்தடியில் நாங்கள் அடுக்கிய செங்கற்களில் மூன்று அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆலங்காயம் வருவதற்குள் கியர் எண்ணெய் துணியில் கசிந்து வேட்டியில் ஊறிவிட்டது.