நடுவரின் பெயர்

ஓட்டப் பந்தயத்தில் முந்தியவர் யார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். உயரம் பாய்தலில் குறுக்குக் கம்பே சாட்சி. ஆனால் பனித்தரையில் இசைக்கேற்பச் சறுக்கி ஆடும் போட்டியிலோ அழகையும் அளக்க வேண்டியிருக்கிறது. அங்கே அளவுகோல் மனிதனின் கண்ணும் மனச்சாட்சியுமே. அது வளைந்துபோனால்?

2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இக்கேள்வி உலகின் முன் வந்து நின்றது. இணையர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ருஷ்ய வீரர் அன்ரன் சிகருலிட்சே ஒரு பாய்ச்சலில் தடுமாறினார். கனேடிய இணையரான ஜேமி சாலேயும் டேவிட் பெலற்றியேயும் பிழையின்றி ஆடினர். ஆயினும் ஒன்பது நடுவர்களில் ஐவர் ருஷ்ய இணையையே முதலாவதாக வைத்தனர். தம் நாட்டுச் சங்கத் தலைவர் வற்புறுத்தியதாலேயே அவ்வாறு தீர்ப்பிட்டதாகப் பிரெஞ்சு நடுவர் கூறினார். பனிநடனப் போட்டியில் பிரெஞ்சு இணைக்கு ஆதரவு கிடைக்கும் என்பது பேரமாம். தலைவர் அதை மறுத்தார். நடுவரும் பின்னர் சொல்லை மாற்றி, ருஷ்யரே சிறந்தவர் என்று தாம் மெய்யாகவே நம்பியதாகச் சொன்னார். கனேடியருக்கும் தங்கப்பதக்கம் வழங்கப்பட்டது. நடுவருக்கும் தலைவருக்கும் மூன்றாண்டுத் தடை.

வாசகர்களே, பேரமும் நடந்தது, ருஷ்யரே சிறந்தவர் என்பதும் உண்மை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தீர்ப்பு சரியாக அமைந்துவிட்டபடியால் குற்றம் நீங்குமா? நீங்காது என்பதே எமது எண்ணம். ஆட்டம் தொடங்குமுன்பே முடிவு செய்தவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, பார்ப்பதுபோல் அமர்ந்திருந்தார். அத்தீர்ப்பு உண்மையோடு ஒத்துப்போனால் அது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். அதனால் கனேடியர் மட்டுமா வஞ்சிக்கப்படுகின்றனர்? ஒரு தவறும் செய்யாத ருஷ்ய இணையர் நேர்மையாகவே வென்றிருந்தாலும், அதை இனி எவருக்கும் நிரூபிக்க முடியாதவராயினர். இதைப் பற்றி அன்று பேசியவர் குறைவு.

பின்னர் சீர்திருத்தம் வந்தது. 6.0 என்ற பழைய உச்சப் புள்ளி முறை ஒழிந்து, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனிப் புள்ளி வந்தது. ஐயம் எழுந்தால் படப்பதிவை மீண்டும் பார்க்கலாயினர். கணக்குத் திருத்தமாயிற்று. அத்தோடு, எந்தப் புள்ளியை எந்த நடுவர் இட்டார் என்பதையும் மறைத்துவிட்டனர். யாரும் அவரை மிரட்டக்கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் அந்தத் திரை மிரட்டுபவனிடமிருந்து மட்டுமா அவரைக் காத்தது? நியாயம் கேட்கும் ஆட்டக்காரரிடமிருந்தும் காத்தது. இதனை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலறிஞர் எரிக் சிற்செவிற்ஸ், திரை விழுந்தபின் சொந்த நாட்டுப் பற்று குறையவில்லை, சற்றே கூடியது என்று கண்டார். 2016இல் அது நீக்கப்பட்டது.

பெயர் வெளிப்பட்டதும் எல்லாம் நேராகிவிடவில்லை. 2018 பியொங்சாங் ஒலிம்பிக்கில் தம் நாட்டவர்க்குச் சாதகமாகப் புள்ளியிட்டதற்காகச் சீன நடுவர் இருவர் தடைசெய்யப்பட்டனர். இதில் வியப்பதற்கு என்ன உண்டு? நடுவரை முன்மொழிவது அவரவர் நாட்டுச் சங்கமே. தம் நாட்டு வீரருக்கு நியாயப்படி குறைந்த புள்ளி இட்டவர், போட்டி முடிந்ததும் அதே சங்கத்தாரின் முகத்தில்தான் விழிக்கவேண்டும். அடுத்த முறையும் அவர் பெயர் அனுப்பப்படுமா என்பது அவர்கள் கையில் இருக்கிறது.