நாயின்பொருட்டு அழுதல் தகுமோ?

எமது வளவிலே 13 ஆண்டு வாழ்ந்த நாயொன்று சென்ற கார்த்திகையில் இறந்தது. அத்துயரால் யாம் சிலநாள் உணவிலும் உறக்கத்திலும் மனஞ் செல்லாதிருந்தமை கண்ட அன்பரொருவர், சித்தாந்தங் கற்பிக்கும் உபாத்தியாயர் ஒரு நாயின்பொருட்டுக் கண்ணீர் விடுதல் தகுமோவென வினவினார். நாயோ இழிந்த பிராணி, உயிரோ அழிவில்லாதது, ஆகலின் அழுகைக்கு இடம் யாதென்பது அவர் கருத்து. அன்று வாளாவிருந்தேம்.

இழிந்த பிராணியென்பதை முதலில் ஆராய்வாம். யாம் மிசன் பாடசாலையிற் கற்ற காலத்து, விலங்குகளுக்கு நித்தியமான ஆன்மா இல்லையென ஆசிரியரொருவர் போதித்தார். பிராஞ்சுதேசத்துத் தத்துவஞானியாகிய தேக்கார்த்து என்பவர் 1637ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே விலங்குகளின் செயலை மணிக்கூட்டின் செயலோடு ஒப்பிட்டுரைத்ததையும் பின்னர்ப் படித்தேம். மணிக்கூடு நின்றால் அழுவாரில்லை. ஆயின், எம் துவிச்சக்கரவண்டியின் ஓசையை ஒழுங்கைத் தலைப்பிலேயே அறிந்து படலைக்கு ஓடிவந்த மணிக்கூட்டை யாம் கண்டதில்லை. நம் சமயமோ எல்லாவுடம்பினும் உயிருண்டென்றும், வினைக்கீடாக உடம்பே வேறுபடுமென்றும் கூறும். நாரை முத்தி பெற்றதையும், கரிக்குருவி உபதேசம் பெற்றதையும், இறைவர் தாய்ப்பன்றியாகிக் குட்டிகளுக்கு முலைகொடுத்ததையும் திருவிளையாடற் புராணத்திலே படித்துப் பயன்சொல்லக் கேட்கின்றோம். கேட்டு வீடு திரும்பும்பொழுது வழியிற் கிடக்கும் நாய்க்குக் கல்லெடுக்கின்றோம்!

பயன்கருதியே மனிதர் நாயை வளர்த்தனர், ஆதலால் அதன் சாவு ஒரு பொருள்நட்டமே என்பாருமுளர். செருமனியிலே பொன் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டு ஒரு பழைய புதைகுழி வெளிப்பட்டது. ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓராணும் ஒரு பெண்ணும், அவர்களுடன் ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தனர். குட்டியின் பற்களை ஆராய்ந்தோர், அது பலவாரங் கொடிய நோயுற்றிருந்ததென்றும், எவரேனும் பேணியிராவிடின் அத்துணைநாள் பிழைத்திராதென்றும் 2018இல் எழுதினர். நோயிற் கிடக்குங் குட்டி வேட்டைக்கு உதவுமோ? காவலுக்குத்தான் உதவுமோ?

நிற்க. அன்பர் வினாவின் மற்றைக் கூறே எம்மை இன்னும் வருத்துவது.

மகாபாரதத்திலே, தம்பியரும் தேவியும் வழியில் வீழ்ந்தபொழுது நில்லாது நடந்த தருமபுத்திரர், தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுத் தேரேறும்படி இந்திரன் கூறியபொழுது மறுத்துவிட்டார். இறந்தாரை எழுப்புதல் தம்மால் ஆகாது. உயிரோடு தம்மை யடைந்ததைக் கைவிடுதலோ பாவம் என்பதே அவர் காட்டிய நியாயம். இப்பகுதியை யாம் பன்முறை மாணவர்க்குக் கற்பித்திருக்கின்றேம்.

எம் நாய் இறந்த இரவு பெருமழை. மறுநாள் எந்தையாரின் திவசமாதலின் வீடு கழுவித் தூய்மை செய்யப்பட்டிருந்தது. ஒருநாளும் உள்ளே வர முயலாத அந்நாய் அன்றிரவு கதவைக் காலாற் பிறாண்டியது. யாம் ஆசாரங் கருதிக் கதவைத் திறந்திலேம். யன்னல்வழியே சாக்கொன்றை இட்டுவிட்டுப் படுத்தேம். காலையில் அச்சாக்கின்மேலே விறைத்துக் கிடந்தது.

ஆசாரம் தவறென்று யாம் கூறவில்லை. வீட்டை மீண்டுங் கழுவ நீருண்டு; கிணறு பத்தடியில் உளது. இதனை அன்றிரவு எண்ணிலேம்.

உயிர் அழியாதென்னும் அறிவு பிரிவுத்துயரைத் தணிக்கும். எமக்குந் தணித்தது; முதுமையுற்ற நாய் இறத்தல் இயல்பே. அக்கதவைப்பற்றிய துயரை அவ்வறிவு தொடவில்லை. அன்பர் தடுக்கக் கருதிய கண்ணீர் இத்துயரின் கண்ணீரேயாயின், அதனைத் தடுத்தல் நன்றென்று எமக்குத் தோன்றவில்லை. வேறொரு குட்டி தருவதாக அயலவர் அன்போடு கூறினர், இப்பொழுது வேண்டாமென்றேம். எம் இளைய மகள் நாயைப் புதைத்த மாமரத்தடியில் நாடோறும் ஒரு செவ்வரத்தம்பூ வைக்கின்றாள். அவளையும் யாம் தடுத்திலேம்.

சாக்கு இன்னும் விறாந்தையிலேயே கிடக்கின்றது. முந்தைநாள் மழைக்கு ஒழுங்கை நாயொன்று வந்து அதன்மேற் படுத்தது. யாம் அதனைத் துரத்தவில்லை.