கற்ற மொழியிற் பணிவு

கற்ற மொழியிற் பணிவாகப் பேசுதல் உண்மையான பண்பா, அன்றி மனனஞ்செய்த பாவனையா? சீனமொழி பயில்வோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் இவ்வினா, மொழியியலைக் கடந்து ஒழுக்கவியலையும் சார்ந்ததாகும்.

சீனத்தில் முன்னிலை ஒருமைச் சொல் 'நீ' என்றே ஒலிக்கின்றது. இது தமிழோடு தற்செயலாய் அமைந்த ஒற்றுமை. மதிப்பிற்குரியோரை 'நின்' என்பர். 'நீ' என்னும் எழுத்தின் கீழே இதயத்தைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்து அச்சொல்லை எழுதுவர். மாணவன் இதனைப் பாடமாகவே கற்கின்றான். மதிப்பு உள்ளத்தில் ஊறி அச்சொல் பிறப்பதில்லை. அதனால் அது பொய்யாகிவிடுமா? ஆகாது. தாய்மொழியிலும் குழந்தை 'நீங்கள்' என்று சொல்லவே முதலிற் பழகுகின்றது. அதன் பொருளைப் பின்னரே உணர்கின்றது. புறத்தே பேணும் முறைமை அகத்தைப் பண்படுத்தும் என்பதே கன்பூசியசின் கொள்கையுமாகும். ஆயினும், சாதுரியமான பேச்சுடையோரிடம் அன்புடைமை அரிது என அவரே எச்சரித்தார்.

இவ்வெச்சரிக்கையின் பொருளை நம் நாட்டுக் கல்லொன்று விளக்குகின்றது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு 1911 இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமியரின் இறைவனையும் போற்றுகின்றது. அவரவர் மொழியில் அவரவர் தெய்வத்தை வணங்கும் பணிவு வியத்தற்குரியதே. ஆனால், 1411 அளவில் அதே தலைவரின் படை இலங்கை ஆட்சியாளர் ஒருவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றது. வலியோன் தன் வசதிக்கேற்ப மேற்கொள்ளும் பணிவும், எளியோன் அஞ்சிக் காட்டும் பணிவும் ஒழுக்கமாகா.

அங்ஙனமாயின் பணிவின் உரைகல் யாது? நமக்கு எப்பயனும் தர இயலாதவரிடம் நாம் வழங்கும் சொல்லே அது. இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களை எண்ணிப் பார்ப்போம். எம்மிடையே 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிகள் உள. 1977 இன் வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறியோர் பலர், பிறர் வயல்களிற் கூலிக்கு உழைத்தனர். வயதில் மூத்த அத்தகைய உழைப்பாளியை 'நீ' என விளிக்கும் இளைஞன் ஒருவன், சீனம் பயின்று, தனக்குத் தொழில் தருவோனை 'நின்' என அழைப்பானாயின், அவன் கற்றது பணிவன்று. பயன் நாடும் தந்திரமே.

பிறமொழி கற்பதன் பெரும்பேறு இங்கேதான் உளது. யாரை எவ்வாறு விளிப்பதென்று அங்கே ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பேசுகின்றோம்; தாய்மொழியிலோ எண்ணாமலே பேசிவிடுகின்றோம். அந்த எண்ணத்தைத் தமிழுக்கும் கொணர்ந்து, வரப்பில் நிற்கும் முதியவரை 'நீங்கள்' என விளிக்கும் நாளிலேயே நாம் பணிவைக் கற்றவராவோம்.